ஐந்தரை

சரக்கறைக்குச் சன்னல் கிடையாது.
மில்வாக்கியில் பனி பெய்கிறதா என்பதை
உள்ளே வருகிறவர்களின் காலணி பார்த்துச் சொல்வேன்.
இருபத்தாறு வருடம்.
நூல், ஊசி, கவ்வி, கையுறை:
அறுவை சிகிச்சைத் துறையில் எது தீர்ந்தாலும்
முதலில் தெரிவது எனக்கு.
காஸிமிர் வோய்தாக், கீழ்த்தளம், கதவு எண் பதினேழு.

கையுறையில் ஏழரை மலைபோல் வரும்.
எட்டு, அதைவிட.
ஆறரை, ஒரே ஒரு வரிசை.
ஐந்தரை பட்டியலில் இருந்தது,
தட்டில் இருந்ததில்லை.
'யாரும் கேட்டதில்லை' என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன்.
கேட்கக்கூடிய யாரையும்
நாங்கள் உள்ளே விட்டதில்லை என்பதை
எந்தப் பத்தியில் எழுதுவது?

டாக்டர் பாஹுவா சியாங் முதலாண்டுப் பயிற்சிக்கு வந்தார்.
ஊருக்கு வடமேற்கே, ஹ்மாங் கடைகளுக்கு நடுவே வளர்ந்தவர்.
மேலே எல்லோருக்கும் அவர் வெறும் பாஹுவா,
அவரோடு சேர்ந்த உயரமான பையன் மட்டும்
முதல் நாளிலிருந்தே டாக்டர் லிண்ட்க்விஸ்ட்.

விரல்நுனியில் சும்மா தொங்கும் ரப்பரோடு
அவர் முடிச்சுப் போடுவதைப் பார்த்து
'கை தடுமாறுகிறது' என்று மதிப்பீட்டில் எழுதினார்கள்.
விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்.
இங்கே
உறைக்குத் தக்க விரல் கேட்டார்கள்.

ஒருநாள் கீழே வந்து என் மேசைக்காலில் நூலைச் சுற்றினார்.
மூன்று முடிச்சில் ஒன்று
உறையின் நுனியையும் கடித்துக்கொண்டது.
பிறகு உறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையில் போட்டார்.
எத்தனை போட்டார் என்று
என்னால் எண்ண முடியவில்லை.

கோரிக்கை அனுப்பினேன்.
'தேவை நிரூபிக்கப்படவில்லை.'
மறுபடி அனுப்பினேன்.
'குறைந்தது நாற்பது பெட்டி வாங்க வேண்டும்.'
மறுபடி.
பதில் இல்லை.

அந்த வசந்தத்தில்தான் குழு அமைத்தார்கள்.
குறை சொல்லவில்லை, நல்லவர்கள்.
டாக்டர் இமானி பிரஸ்காட்
ஈரல் அறுவை முடித்து வந்து
இரவு ஒன்பது மணிக்குச் சம்பளப் பட்டியலை
வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்.
சுவரொட்டிகள் பன்னிரண்டே நாளில் வந்தன:
இங்கே எல்லோருக்கும் இடம் உண்டு.
அவற்றை வைக்கத்தான் இடமில்லை.
ஐந்தரைக்கென்று விட்டிருந்த காலித் தட்டில் அடுக்கினேன்.

கையுறை வரப் பதினோரு மாதம்.
கடைசிக் கையெழுத்து பிரஸ்காட்டுடையது.
டாக்டர் சியாங் ஒன்றை மாட்டி
விரலை மடக்கி நீட்டி
"சரி" என்றார்.
மேலே யாருடைய பித்தப்பையோ காத்திருந்தது.

அந்த வாரமே இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவர் டாக்டர் ஹோல்கெர்சன்.
இருபது வருடமாக ஆறரை போடுகிறவர்,
பேசும்போது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறவர்.
கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக,
"எனக்கும் ஒரு பெட்டி, காஸ்."

இரண்டு குளிர்காலம் கழிந்து
எங்கிருந்தோ உத்தரவு வந்தது.
குழு கலைந்தது. சுவரில் செவ்வகங்கள் வெளுத்துத் தெரிந்தன.
பிரஸ்காட்டின் அறையில் இப்போது கால் உடைந்த நாற்காலிகள்.
சின்ன நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.
சம்பளப் பட்டியலை
இனி யார் வரி வரியாகப் படிப்பார்கள்?

நீக்கவேண்டிய சொற்களின் பட்டியலோடு
ஒரு இளைஞன் என் கணினிக்கும் வந்தான்.
ஒவ்வொன்றாகத் தட்டித் தேடினான்.
"இங்கே ஒன்றுமில்லை" என்று
கொஞ்சம் நிம்மதியாகவே சொன்னான், பாவம்.
அவன் முழங்கைக்குப் பக்கத்தில், திரையில்:
ஐந்தரை. நாற்பது பெட்டி. காலாண்டுக்கு ஒருமுறை.
எண்ணை யார் தேடுவார்கள்.

மிஞ்சிய சுவரொட்டிகளை எறியச் சொன்னார்கள்.
தடித்த தாள், பின்பக்கம் நல்ல வெள்ளை.
துண்டு துண்டாக வெட்டி
தட்டுகளுக்கு அடையாளச் சீட்டு எழுதிக்கொண்டேன்.
ஐந்தரைச் சீட்டைத் திருப்பினால்
'எல்லோ' வரைக்கும் இருக்கிறது.
மீதி
எட்டாம் எண் தட்டில்.